'இசிஜி நார்மல்னு சொன்னாங்களே...' 30, 40, 50, 60 வயதில் ஆண்கள் செய்ய வேண்டிய இதயப் பரிசோதனைகள் என்னென்ன? முழு விவரம்

"நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தார்..."

மாரடைப்பால் ஒருவர் இறந்துபோன வீட்டில் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. கூடவே இன்னொன்றும் சொல்வார்கள். "ஆறு மாசத்துக்கு முன்னாடிதான் இசிஜி எடுத்தார். எல்லாம் நார்மல்னு சொன்னாங்களே!"

அப்படியென்றால் அந்த ரிப்போர்ட் பொய்யா? இல்லை. ரிப்போர்ட் சொன்னது உண்மைதான். ஆனால், இசிஜி எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29-ம் தேதி மாரடைப்பால் உயிரிழந்தபோது அவருக்கு வயது 46. உடற்பயிற்சிக்குப் பெயர் பெற்றவர் அவர். அதே ஆண்டு ஜனவரியில், இந்திய கிரிக்கெட் அணியின் முன்னாள் கேப்டன் சவுரவ் கங்குலிக்கு 48 வயதில் வீட்டில் உடற்பயிற்சி செய்தபோது உடல்நலம் பாதிக்கப்பட்டது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்ட அவருக்கு ஸ்டென்ட் வைக்கப்பட்டது. அவர் மீண்டு வந்தார்.

இந்த இரண்டு செய்திகளுக்குப் பிறகும் பரிசோதனை மையங்களில் கூட்டம் அலைமோதியது. சில வாரங்களில் வழக்கம்போல மறந்தும் போனது. பயத்தில் ஒருநாள் ஓடிப்போய் எடுக்கும் டெஸ்ட்டை விட, எந்த வயதில் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்து வைத்துக்கொண்டு முறையாகச் செய்வதே பலன் தரும். அதைப் பற்றிய முழு விவரங்களை இங்கே பார்ப்போம்.

ஆண்கள் ஏன் முன்கூட்டியே கவனமாக இருக்கணும்?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019-ல் மட்டும் இதய, ரத்தநாள நோய்களால் உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 79 லட்சம் பேர் இறந்தனர். அந்த ஆண்டு உலகில் நிகழ்ந்த மொத்த மரணங்களில் இது 32 சதவீதம்.

இதில் தெற்காசிய மக்களுக்குத் தனிக் கவலை ஒன்று உண்டு. 52 நாடுகளில் நடத்தப்பட்ட 'இன்டர்ஹார்ட்' என்ற பெரிய ஆய்வின் தெற்காசியத் தரவுகள் 2007-ல் வெளியாகின. முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது மற்ற நாடுகளில் 58.8 ஆக இருக்க, இந்தியா, பாகிஸ்தான், இலங்கை உள்ளிட்ட தெற்காசிய நாடுகளில் 53 ஆக இருந்தது. அதாவது, ஏறக்குறைய 6 ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிடுகிறது.

பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் வரை ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஓரளவு பாதுகாப்பு தருகிறது. ஆண்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அதோடு புகை, மது, தூக்கமில்லாத வேலை, "எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்ற நினைப்பு எல்லாம் சேர்ந்துகொள்கின்றன.

ஆறுதலான விஷயமும் அதே ஆய்வில் இருக்கிறது. புகைப்பழக்கம், கெட்ட கொழுப்பு, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கறி பழங்கள் குறைவாகச் சாப்பிடுவது, உடல் உழைப்பின்மை, மது என 9 காரணிகளே மாரடைப்பு அபாயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் பொறுப்பு என்று அது கூறியது. இவற்றில் பெரும்பாலானவை அளந்து பார்க்கக்கூடியவை. மாற்றக்கூடியவையும்தான்.

நல்லா இருக்கும்போதே மாரடைப்பு வருவது எப்படி?

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய்களுக்கு கரோனரி ரத்தக்குழாய்கள் என்று பெயர். இவற்றின் உள்சுவரில் பல ஆண்டுகளாகக் கொழுப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் படிகிறது. 20, 30 வயதுகளிலேயே இது தொடங்கிவிடலாம். வலியோ அறிகுறியோ இருக்காது.

குழாய் மெல்ல மெல்ல அடைந்து, கடைசியில் மொத்தமாக மூடிக்கொள்ளும்போதுதான் மாரடைப்பு வரும் என்று பலரும் நினைக்கிறார்கள். எப்போதும் அப்படி நடப்பதில்லை. பாதி கூட அடைக்காத ஒரு கொழுப்புத் திட்டு திடீரென வெடிக்கலாம். வெடித்த இடத்தில் உடனே ரத்தம் உறைந்து கட்டியாகும். அந்தக் கட்டி சில நிமிடங்களில் குழாயை மூடிவிடும். நேற்று வரை நன்றாக இருந்தவருக்கு இன்று மாரடைப்பு வருவது இப்படித்தான்.

இதனால்தான் "எங்காவது அடைப்பு இருக்கா?" என்ற ஒரு கேள்வியோடு மட்டும் டெஸ்ட் எடுப்பது போதாது. கொழுப்புத் திட்டு உருவாகவும் வெடிக்கவும் காரணமான விஷயங்கள் உடலில் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய எண்கள்

பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். கீழே உள்ள எண்கள் ஒவ்வொரு ஆணுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

1. ரத்த அழுத்தம்: 120/80-க்குள் இருப்பது நல்லது. மருத்துவமனையில் வெவ்வேறு நாட்களில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயர் ரத்த அழுத்தம். வீட்டில் நாமே பார்க்கும்போது 135/85-ஐத் தாண்டினாலே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

2. சர்க்கரை: வெறும் வயிற்றில் 100-க்குக் கீழ் என்றால் நார்மல். 100 முதல் 125 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 126-ஐ எட்டினால் சர்க்கரை நோய். மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் 5.7-க்குக் கீழ் நார்மல். 6.5-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். அறிகுறி இல்லாதவருக்கு இன்னொரு முறை டெஸ்ட் எடுத்து உறுதி செய்வார்கள்.

3. கொலஸ்ட்ரால்: மொத்த கொலஸ்ட்ராலை மட்டும் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். முக்கியமாகப் பார்க்க வேண்டியது எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு. இந்திய இதயவியல் சங்கம் 2024 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பொதுவாக இது 100-க்குள் இருக்க வேண்டும். சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம் போன்றவை உள்ள அதிக ஆபத்துப் பிரிவினருக்கு 70-க்குள். ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள் போன்ற மிக அதிக ஆபத்துப் பிரிவினருக்கு 55-க்குள்.

4. இடுப்புச் சுற்றளவு: பேண்ட் சைஸை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். தொப்பைக்குக் கீழே பேண்ட் போடுபவர்களுக்கு அந்த எண் ஏமாற்றிவிடும். தொப்புள் மட்டத்தை ஒட்டி டேப் வைத்து அளக்க வேண்டும். இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கை.

5. குடும்ப வரலாறு: அப்பாவுக்கோ அண்ணன், தம்பிக்கோ 55 வயதுக்கு முன்பு, அல்லது அம்மாவுக்கோ அக்கா, தங்கைக்கோ 65 வயதுக்கு முன்பு மாரடைப்பு வந்திருந்தால் உங்கள் ஆபத்து கூடுதல். இதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

'எல்லாமே கொஞ்சம்தான் கூட' - இதில் என்ன ஆபத்து?

ஒரு உதாரணம் பார்ப்போம். 45 வயதான கடைக்காரர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிபி 138/88. வெறும் வயிற்றில் சர்க்கரை 112. எல்டிஎல் 135. இடுப்பு 98 சென்டிமீட்டர். ஒரு நாளைக்கு 4 சிகரெட். அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்திருக்கிறது.

தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே 'பார்டர்'தான். "பிபி இன்னும் 140 வரலையே, சுகர் இன்னும் 126 வரலையே" என்று அவர் ரிப்போர்ட்டை மடித்து பீரோவில் வைத்துவிடலாம். ஆனால், இந்த அபாயங்கள் ஒன்றோடொன்று கூடுவது மட்டுமல்ல, ஒன்றை ஒன்று பெருக்கவும் செய்கின்றன. பிபி மட்டும் 145 இருந்து, மற்ற எல்லாம் சரியாக உள்ள இன்னொருவரை விட இந்தக் கடைக்காரருக்கு மாரடைப்பு வாய்ப்பு அதிகமாக இருக்கக்கூடும்.

அதனால்தான் மருத்துவர்கள் வயது, பாலினம், புகைப்பழக்கம், பிபி, சர்க்கரை, கொலஸ்ட்ரால் எல்லாவற்றையும் சேர்த்து அடுத்த 10 ஆண்டுகளுக்கான ஆபத்தைக் கணக்கிடுகிறார்கள். இதற்காக உலக சுகாதார நிறுவனம் 2019-ல் புதுப்பித்த அட்டவணைகள் இருக்கின்றன. 40 முதல் 74 வயது வரை உள்ளவர்களுக்கு இவை பொருந்தும். ரத்தப் பரிசோதனை வசதி இல்லாத இடங்களில் பயன்படுத்தவும் தனி அட்டவணை உண்டு.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, "சார், எல்லாம் நார்மலா?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தா எனக்கு ஆபத்து எவ்வளவு?" என்று கேளுங்கள்.

வயது வாரியாக என்னென்ன டெஸ்ட்?

18 முதல் 29 வரை: "இந்த வயசுல எதுக்கு?" என்று தோன்றலாம். ஆனால், இந்திய இதயவியல் சங்கம் முதல் கொலஸ்ட்ரால் பரிசோதனையை 18 வயதிலேயே செய்யச் சொல்கிறது. பிறவியிலேயே கெட்ட கொழுப்பு அதிகமாக உள்ளவர்களைக் கண்டுபிடிக்க இது உதவும். பிபியும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

30 முதல் 39 வரை: இந்தியாவின் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் பிபி, சர்க்கரைப் பரிசோதனை 30 வயதில் தொடங்குகிறது. ஆண்டுக்கு ஒருமுறை பிபி, இடுப்பளவு பார்க்கலாம். சர்க்கரை நார்மலாக இருந்தால் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை போதும். எல்லைக்கோட்டில் இருந்தால் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும்.

வாழ்நாளில் ஒருமுறை மட்டும் எடுக்க வேண்டிய இன்னொரு ரத்தப் பரிசோதனையும் இருக்கிறது. அதன் பெயர் லிப்போபுரோட்டீன்-ஏ. இது பெரும்பாலும் மரபணுவால் தீர்மானிக்கப்படுவது. டயட், வாக்கிங்கால் பெரிதாக மாறாது. 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் ஆபத்து கூடுதல் என்று பொருள். குடும்பத்தில் இளம் வயது மாரடைப்பு இருந்தால் இதைத் தவறவிடக் கூடாது.

40 முதல் 49 வரை: பிபி, சர்க்கரை, கொலஸ்ட்ரால் மூன்றையும் ஆண்டுதோறும் பார்ப்பது நல்லது. பிபியோ சர்க்கரையோ இருப்பவர்கள் சிறுநீரகச் செயல்பாட்டுக்கான கிரியேட்டினின் பரிசோதனையையும், சிறுநீரில் புரதம் வெளியேறுகிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிறுநீரகம் பாதித்தால் இதயத்துக்கும் ஆபத்து கூடும். 10 ஆண்டு ஆபத்துக் கணக்கை முதன்முதலாகப் போட வேண்டிய வயதும் இதுதான்.

50 முதல் 59 வரை: மேலே சொன்ன எல்லாம் தொடர வேண்டும். ஆபத்து நடுத்தரமாக வந்து, கொலஸ்ட்ரால் மாத்திரை தொடங்கலாமா வேண்டாமா என்ற குழப்பம் இருந்தால், சிடி கால்சியம் ஸ்கோர் எடுக்கச் சொல்லி மருத்துவர் பரிந்துரைக்கலாம். பலமாகக் குறட்டை விடுபவர்கள், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதாக மனைவி சொன்னால் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். அது தூக்கத்தில் மூச்சுத்தடை நோயாக இருக்கலாம். பிபி கட்டுக்குள் வராததற்கு அதுவும் ஒரு காரணம்.

60-க்கு மேல்: மேற்சொன்ன பரிசோதனைகளோடு நாடித்துடிப்பு சீராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒழுங்கற்ற துடிப்பு பக்கவாதத்துக்கு வழிவகுக்கலாம். பிபி மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு எழுந்து நிற்கும்போது தலைசுற்றினால், நின்றபடியும் பிபி பார்க்கச் சொல்லுங்கள். மூட்டுவலிக்காக மெடிக்கல் ஷாப்பில் நாமாகவே வாங்கிச் சாப்பிடும் சில வலி மாத்திரைகள் பிபியை ஏற்றிவிடும். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 65 முதல் 75 வயதுக்குள் இருந்து, வாழ்நாளில் எப்போதாவது புகைபிடித்த ஆண்கள், வயிற்றுப் பெருந்தமனி வீங்கியிருக்கிறதா என ஒருமுறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்பது அமெரிக்க நோய்த்தடுப்பு நிபுணர் குழுவின் பரிந்துரை.

கவனிக்க: பிபி, சர்க்கரை, புகை, குடும்ப வரலாறு இருப்பவர்களுக்கு இந்த இடைவெளிகள் பொருந்தாது. அவர்கள் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும் என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.

இசிஜி, எக்கோ, டிஎம்டி, ஆஞ்சியோ: எது எதைக் காட்டும்?

குழப்பமே இங்கேதான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இசிஜி: இதயத்தின் மின் துடிப்பைப் பதிவு செய்வது. மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது அதைக் கண்டுபிடிக்க மிக முக்கியமான டெஸ்ட். பழைய பாதிப்பு, துடிப்புக் கோளாறு இருந்தாலும் தெரியலாம். ஆனால், படுத்திருக்கும்போது எடுக்கும் இசிஜி, ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தாலும் நார்மலாக வரலாம். அது அந்தச் சில நொடிகளின் பதிவு மட்டுமே. அடுத்த ஆறு மாதத்துக்கான உத்தரவாதம் அல்ல. நெஞ்சு வலியோடு போகும்போது முதல் இசிஜி நார்மலாக வந்தாலும், சிறிது நேரம் கழித்து மீண்டும் எடுப்பதும், ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை செய்வதும் இதனால்தான்.

எக்கோ: இதயத்துக்கான அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். இதயம் எவ்வளவு வலுவாகப் பம்ப் செய்கிறது, வால்வுகள் சரியாக இருக்கின்றனவா என்று காட்டும். ரிப்போர்ட்டில் 'இஎஃப்' என்று ஒரு சதவீதம் இருக்கும். 55-ம் அதற்கு மேலும் இருந்தால் பொதுவாக நல்லது. இதுவும் ரத்தக்குழாய் அடைப்பை நேரடியாகக் காட்டாது.

டிஎம்டி: ட்ரெட்மில்லில் நடக்கவும் ஓடவும் விட்டு இசிஜி எடுப்பது. இதயத்துக்கு வேலை கொடுக்கும்போது ரத்தம் போதுமான அளவு போகிறதா என்று தெரியும். பொதுவாக, 70 சதவீதம் அளவுக்குப் பெரிய அடைப்பு இருந்தால்தான் இதில் மாற்றம் தெரியும். சின்ன அடைப்பு தப்பிவிடலாம். அடைப்பே இல்லாதவருக்கு 'பாசிட்டிவ்' என்று வருவதும் உண்டு. அதனால், பாசிட்டிவ் என்றதும் இடிந்துபோக வேண்டாம். நெகட்டிவ் என்றதும் பிரியாணிக் கடைக்குப் போய்க் கொண்டாடவும் வேண்டாம்.

சிடி கால்சியம் ஸ்கோர்: ஊசி எதுவும் இல்லாமல் சில நிமிடங்களில் முடிந்துவிடும் ஸ்கேன். ரத்தக்குழாய் சுவரில் படிந்துள்ள கால்சியத்தை அளக்கும். பூஜ்ஜியம் என்றால் அடுத்த சில ஆண்டுகளுக்கு ஆபத்து குறைவு. 100-ஐத் தாண்டினால் சிகிச்சை பற்றி யோசிக்க வேண்டும். 400-க்கு மேல் என்றால் ஆபத்து மிக அதிகம். கால்சியம் படியாத மென்மையான கொழுப்பை இது காட்டாது என்பதால், நெஞ்சு வலி உள்ளவர்கள் பூஜ்ஜியத்தை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு இது தேவையில்லை.

ஆஞ்சியோ: சிடி ஆஞ்சியோவில் கை நரம்பு வழியாக சாய மருந்து செலுத்தி ஸ்கேன் எடுப்பார்கள். சாதாரண ஆஞ்சியோகிராமில் மணிக்கட்டு அல்லது தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திப் பார்ப்பார்கள். அடைப்பை நேரில் காட்டுபவை இவைதான். ஆனால், எந்த அறிகுறியும் இல்லாதவர்கள் "சும்மா ஒருதடவை பாத்துடலாம்" என்று எடுக்கிற டெஸ்ட் அல்ல. சாய மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் அதற்கு முன் கிரியேட்டினின் பார்ப்பார்கள்.

சரி, எல்லா டெஸ்ட்டையும் ஒரே பேக்கேஜில் எடுத்துவிட்டால் நல்லதுதானே? அவசியம் இல்லை. அறிகுறியும் இல்லை, ஆபத்தும் குறைவு என்றால், இசிஜி எடுத்துப் பார்ப்பதைக் கூட அமெரிக்க நிபுணர் குழு 2018-ல் பரிந்துரைக்கவில்லை. தேவையில்லாத டெஸ்ட்டில் தவறாக ஒரு 'பாசிட்டிவ்' வந்தால், அடுத்தடுத்து டெஸ்ட், செலவு, மன உளைச்சல் என்று இழுத்துக்கொண்டே போகும்.

வெளியே சொல்ல வெட்கப்படும் ஒரு அறிகுறி

ஆண்களின் இதயத்தைப் பற்றிப் பேசும்போது விட்டுவிடக் கூடாத விஷயம் இது. விறைப்புத்தன்மைக் குறைபாடு.

ஆணுறுப்புக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய்கள், இதயத்தின் ரத்தக்குழாய்களை விடக் குறுகலானவை. கொழுப்பு படிவதும் ரத்தக்குழாய் இறுகுவதும் உடல் முழுக்க நடப்பதால், குறுகலான குழாயில் பாதிப்பு முதலில் தெரியும். அதாவது, நெஞ்சு வலி வருவதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே உடல் கொடுக்கும் எச்சரிக்கையாக இது இருக்கலாம். மன அழுத்தம், ஹார்மோன், சில மாத்திரைகள் போன்ற வேறு காரணங்களும் உண்டு. ஆனால், 40-களில் இது புதிதாகத் தொடங்கினால் பிபி, சர்க்கரை, கொலஸ்ட்ரால் பார்க்காமல் விடக் கூடாது.

இங்கே பெரும்பாலானோர் செய்வது என்ன? யாருக்கும் தெரியாமல் கடையில் மாத்திரை வாங்குவது. அல்லது லாட்ஜ்களில் முகாம் போடும் போலி வைத்தியர்களிடம் பணத்தை இழப்பது. இதில் உயிருக்கே ஆபத்தான விஷயமும் உண்டு. நெஞ்சு வலிக்காக நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் வகை மாத்திரை எடுப்பவர்கள் சில்டெனாபில் போன்ற மாத்திரைகளைச் சேர்த்து எடுத்தால் ரத்த அழுத்தம் அபாயகரமாகச் சரிந்துவிடும். டாக்டரிடம் இரண்டு நிமிடம் கூச்சத்தை விட்டுப் பேசினால் இதைத் தவிர்க்கலாம்.

டெஸ்டுக்குப் போகும் முன்...

* பிபி பார்ப்பதற்கு 30 நிமிடம் முன்பு டீ, காபி, சிகரெட் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து 5 நிமிடம் அமைதியாக உட்காருங்கள். கால் மேல் கால் போட வேண்டாம். கை இதய மட்டத்தில் இருக்கட்டும். சட்டைக் கைக்கு மேல் பட்டையைச் சுற்ற விடாதீர்கள். பேசிக்கொண்டே பார்த்தாலும் அளவு ஏறும்.

* வெறும் வயிற்று சர்க்கரைக்கு 8 மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும். தண்ணீர் குடிக்கலாம். முதல் நாள் இரவு மது கூடாது.

* கொலஸ்ட்ரால் மட்டும் பார்ப்பதாக இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு வெறும் வயிறு கட்டாயம் இல்லை. ட்ரைகிளிசரைட்ஸ் அதிகமாக வந்தால் மட்டும் சாப்பிடாமல் மறுபடி எடுக்கச் சொல்வார்கள்.

* டிஎம்டிக்குப் போகும்போது ஷூ, தளர்வான பேண்ட் அணிந்து செல்லுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டாம். பிபி மாத்திரையை அன்று நிறுத்தலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

* பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். செல்போனில் போட்டோ எடுத்து வையுங்கள். இரண்டு ஆண்டுக்கு முன் எடுத்த இசிஜி கையில் இருந்தால், புதிய இசிஜியில் தெரியும் மாற்றம் பழையதா, புதிதா என்று டாக்டர் சொல்லிவிடுவார்.

காசு இல்லாம பார்க்க முடியுமா?

முடியும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிபி, சர்க்கரைப் பரிசோதனை இலவசம். 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து பிபி, சர்க்கரை பார்த்து மாத்திரை வழங்கும் பணியைச் சுகாதாரப் பணியாளர்கள் செய்து வந்தனர். இசிஜி, எக்கோ போன்றவற்றுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை அணுகலாம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை உள்ளிட்ட சில இடங்களில் குறைந்த கட்டணத்தில் முழு உடல் பரிசோதனையும் செய்யப்படுகிறது.

தகுதியுள்ள குடும்பங்களுக்கு இதய அறுவை சிகிச்சை, ஸ்டென்ட் போன்றவற்றுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. வருமான வரி கட்டுபவர்கள் பழைய வரி முறையைத் தேர்வு செய்திருந்தால், அதற்கான உச்ச வரம்புக்குள், உடல் பரிசோதனைக்குச் செலவு செய்ததில் ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை கழிவு கேட்கலாம்.

ரிப்போர்ட் வந்த பிறகு என்ன செய்யணும்?

டெஸ்ட் எடுப்பது மட்டும் யாரையும் காப்பாற்றாது. அதற்குப் பிறகு என்ன மாற்றுகிறோம் என்பதில்தான் இருக்கிறது.

முதல் வேலை, புகையை விடுவது. "குறைச்சுட்டேன்" என்பது கணக்கில் வராது. ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு சிகரெட்டும் இதயத்துக்குக் கேடுதான். முழுவதுமாக நிறுத்திய ஓராண்டிலேயே, புகையால் கூடியிருந்த இதய நோய் ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அடுத்து, உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். சமையலில் போடுவது மட்டுமல்ல, ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை அவசியம். பல வருடம் உட்கார்ந்தே வேலை பார்த்துவிட்டுத் திடீரென ஜிம்மில் கனமான பயிற்சியில் இறங்குபவர்கள், குறிப்பாக 40 வயதைத் தாண்டியவர்கள், மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

மாத்திரை விஷயத்தில் இரண்டு தவறுகள் சகஜம். ஒன்று, கொலஸ்ட்ரால் குறைந்துவிட்டது என்று ஸ்டேட்டின் மாத்திரையைத் தானாக நிறுத்துவது. மாத்திரை சாப்பிடுவதால்தான் அது குறைந்தது, நிறுத்தினால் மறுபடி ஏறும். பிபி மாத்திரைக்கும் இதே கதைதான். இரண்டாவது, "ரத்தம் உறையாம இருக்கும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுவது. மாரடைப்பு வந்தவர்களுக்கு அது அவசியமான மருந்து. இதய நோய் இல்லாதவர்களுக்கு, குறிப்பாக 60 வயதைத் தாண்டியவர்களுக்கு, வயிற்றிலோ மூளையிலோ ரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்தே அதிகம்.

எப்போது செக்கப்புக்காகக் காத்திருக்கக் கூடாது?

நடுநெஞ்சில் அழுத்தம், யாரோ ஏறி உட்கார்ந்தது போன்ற பாரம், இடது கை, தாடை, தோள், முதுகுக்குப் பரவும் வலி, காரணமில்லாமல் குப்பென்று வியர்ப்பது, மூச்சுத்திணறல், வாந்தி... இவற்றில் எது வந்தாலும் அது அவசரம். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் வெறும் சோர்வும் வியர்வையும் மட்டும் வரலாம். மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுகி, நின்றால் சரியாகிவிடுகிறது என்றாலும் அதைத் தள்ளிப்போடக் கூடாது.

நம்மூரில் இந்த நேரத்தில் முதலில் நடப்பது என்ன? "கேஸா இருக்கும்" என்று ஒரு சோடா. அப்புறம் ஒரு இஞ்சிச் சாறு. அப்புறம் "கொஞ்ச நேரம் படுத்துப் பார்ப்போம்". இப்படியே ஒன்றிரண்டு மணி நேரம் போய்விடும். ரத்தம் கிடைக்காத இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கும். செத்த தசை திரும்ப வளராது. கேஸா, மாரடைப்பா என்று வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. இசிஜி எடுத்தால்தான் தெரியும்.

செய்ய வேண்டியவை:

* உடனே 108-ஐ அழையுங்கள். நோயாளியே பைக்கையோ காரையோ ஓட்டிக்கொண்டு போகக் கூடாது.

* நடக்க விடாதீர்கள். வசதியாக உட்கார வைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள்.

* பெரிய மருத்துவமனை தூரத்தில் இருந்தால், அருகில் இசிஜி எடுக்கும் வசதி உள்ள இடத்துக்குப் போங்கள். நெஞ்சு வலியோடு வருபவர்களுக்கு உயிர்காக்கும் முதல்கட்ட மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே கொடுக்க, தமிழ்நாடு அரசு 2023-ல் 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தொடங்கியது. இந்த மாத்திரைகளை மருத்துவர் ஆலோசனை இல்லாமல் வீட்டில் நாமாக எடுக்கக் கூடாது.

* மயங்கி விழுந்து, மூச்சும் அசைவும் இல்லை என்றால், அது இதயத்துடிப்பு நின்றுபோன நிலையாக இருக்கலாம். 108 வரும் வரை, நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்திக்கொண்டே இருங்கள்.

வீட்டில் 40 வயதைத் தாண்டிய அப்பா, அண்ணன், கணவர் யாராவது இருந்தால், கடைசியாக எப்போது பிபி பார்த்தார்கள் என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள். "ஞாபகம் இல்லையே" என்று பதில் வந்தால், இந்த வாரமே பக்கத்தில் உள்ள சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.

*(பொறுப்புத் துறப்பு: இது பொதுவான விழிப்புணர்வுக்கான தகவல் மட்டுமே. உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற பரிசோதனை, சிகிச்சை குறித்து மருத்துவரின் ஆலோசனையைப் பெறவும்.)*